கூப்பன் அரிசி, காணி, கந்தோர் மொழி: திருமலை வழியே தந்தை செல்வாவின் வாழ்க்கை

திருகோணமலை பஸ் நிலையத்தை அண்டிய தேநீர்க் கடைகளில் காலை ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்தால், ஒரு மணித்தியாலத்துக்குள் ஊரின் முறைப்பாடு முழுவதையும் கேட்டுவிடலாம். மின்சாரக் கட்டணம். கிளினிக்கில் எழுதிக் கொடுத்த மருந்தை வெளியே காசு கொடுத்து வாங்குவது. கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே மீன் வாங்க யோசிப்பது. கடைசியில் பேச்சு எப்படியும் ஒரு கணக்கில்தான் வந்து நிற்கும்: மாவட்டத்துக்கு நாலு எம்.பி., அதில் எங்களுக்கென்று பேச யார்? சென்ற வருடம் காணி விடயமாக எங்கள் வீட்டுக்கு ஓர் அரச கடிதம் வந்தது. முழுவதும் சிங்களம். அதை வாசித்துச் சொல்ல ஆள் தேடி அம்மா இரண்டு தெரு நடந்தார்.

இந்தப் பேச்சுகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் ஒருவர். ஒவ்வொரு ஏப்ரல் 26ஆம் திகதியும் சிலைக்கு மாலை போட்டு நாம் நினைவுகூரும் சா. ஜே. வே. செல்வநாயகம். மேடைப் பேச்சுகளில் அவர் வட்டுக்கோட்டைத் தீர்மானமாகச் சுருங்கிவிட்டார். அவருடைய அரசியலின் பெரும் பகுதி அரிசி விலை, காணிப் பங்கீடு, கந்தோர் மொழி, தொகுதி எல்லை என்று நடந்தது. அதில் பல திருப்பங்கள் நடந்த இடம் யாழ்ப்பாணமும் அல்ல, கொழும்பும் அல்ல. திருகோணமலை.

செல்வநாயகம் பிறந்தது மலாயாவின் ஈப்போவில், 1898 மார்ச் 31இல். நாலு வயதளவில் படிப்புக்காகத் தெல்லிப்பழைக்குக் கொண்டுவரப்பட்டார். யூனியன் கல்லூரி, யாழ். பரி. யோவான் கல்லூரி, கொழும்பு பரி. தோமையர் கல்லூரி என்று படித்து, லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரியாகப் பெற்றார். சில காலம் ஆசிரியர். பிறகு சட்டம். 1923இல் அப்புக்காத்து ஆனவர், காணி, உரிமை வழக்குகளில் கொழும்பில் பெயர் எடுத்தார். பின்னாளில் இராணி அப்புக்காத்து. கிறிஸ்தவர். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். கூட்டத்தைக் கிளறிவிடும் பேச்சு அவருக்கு ஒருபோதும் வந்ததில்லை. அரசியலுக்குத் தேவை என்று நாம் நினைக்கும் எதுவும் அவரிடம் இருக்கவில்லை. ஆனாலும் நாற்பத்தொன்பதாவது வயதில், 1947இல், அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் காங்கேசன்துறைத் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனார்.

அடுத்த வருடமே முறிவு வந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. அதை மனிதாபிமானப் பிரச்சினையாகப் பார்த்தவர்கள் இருந்தார்கள். செல்வநாயகம் அதோடு கணக்கையும் பார்த்தார். சோல்பரி யாப்பின்படி 75,000 பேருக்கு ஓர் ஆசனம், ஆயிரம் சதுர மைலுக்கு ஓர் ஆசனம். சனம் குறைந்த, பரந்த கிழக்கு மாகாணத்துக்கு ஏழு ஆசனங்கள் கிடைத்ததே இந்த நிலப்பரப்பு விதியால்தான். ஆனால் 75,000 பேர் என்று எண்ணும்போது வாக்குரிமை உள்ளவர், இல்லாதவர் என்ற பேதம் கிடையாது. அதாவது மலையகத் தமிழர் வாக்கை இழந்த பிறகும், அவர்களுடைய தலைகள் எண்ணப்பட்டு ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. அந்த ஆசனங்களுக்கு வாக்களித்தவர்கள் வேறு ஆட்கள். 1947இல் நாடாளுமன்றத்தில் இருந்த இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர்களில் ஒருவர்கூட 1952இல் அங்கே இல்லை.

ஜீ. ஜீ. பொன்னம்பலம் அமைச்சராகி அரசாங்கத்தில் சேர்ந்தபோது செல்வநாயகம் கூடப் போகவில்லை. கு. வன்னியசிங்கம், செனற்றர் இ. மு. வி. நாகநாதன் ஆகியோருடன் வெளியேறினார். 1949 டிசம்பர் 18இல் மருதானையில் அரசாங்க எழுதுவினைஞர் சங்க மண்டபத்தில் இலங்கைத் தமிழரசுக் கட்சி தொடங்கியது. தமிழ்க் கட்சி ஒன்று கொழும்பில் எழுதுவினைஞர்களின் மண்டபத்தில் பிறந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அரச உத்தியோகமும் அதன் மொழியும்தான் அடுத்த பத்து வருடங்களின் சண்டையாகப் போகிறது என்பதை நினைத்தால் அந்த இடம் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கட்சியின் முதலாவது தேசிய மாநாடு 1951 ஏப்ரலில் திருகோணமலையில் கூடியது. யாழ்ப்பாணத்து அப்புக்காத்துமாரின் கட்சி என்ற பெயரைக் கழற்ற வேண்டிய தேவை இருந்தது. அதைவிட, அவர்கள் பேச வந்த விடயம் திருமலையைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தது. கந்தளாய்க் குளத்தின் கீழும் அல்லையிலும் அரச குடியேற்றத் திட்டங்கள் விரிந்துகொண்டிருந்தன. யாருக்குக் காணி என்பதைத் தீர்மானிக்கும் மேசை கொழும்பில் இருந்தது. வந்து குடியேறிய சிங்களக் குடும்பங்களும் ஏழைகள்தான். நெற்காணி கிடைக்கும் என்று சொன்னால் எந்த ஏழை வராமல் இருப்பான்? கேள்வி அவர்களைப் பற்றியது அல்ல. பக்கத்துக் கிராமத்தில் காணி இல்லாமல் இருப்பவனுக்கு அந்த மேசையில் குரல் உண்டா என்பதுதான். மாவட்டத்தில் சிங்கள மக்களின் பங்கு 1921 குடிசன மதிப்பில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. 1946இல் ஏறத்தாழ இருபது. 1981இல் மூன்றில் ஒரு பங்கு. காணி கொடுப்பது தொகுதியையும் கொடுப்பதுதான் என்பதைத் திருமலையில் கூடியவர்கள் முப்பது வருடங்களுக்கு முன்பே பேசிவிட்டார்கள். தமிழ் பேசும் மக்களுக்குச் சமஷ்டி அமைப்பில் சுயாட்சி வேண்டும் என்ற கோரிக்கையை அந்த மாநாடு முன்வைத்தது.

அடுத்த வருடத் தேர்தலில் நடந்ததைச் செல்வநாயகத்தின் வாழ்க்கை எழுதுபவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். 1952இல் காங்கேசன்துறையில் அவர் தோற்றுப்போனார். சேர் பொன். இராமநாதனின் மருமகன் சு. நடேசனிடம், ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளரிடம். அவருடைய கட்சி முழு நாட்டிலும் வென்றது இரண்டே ஆசனங்கள். ஒன்று கோப்பாய், வன்னியசிங்கம். மற்றது திருகோணமலை, என். ஆர். இராஜவரோதயம். தலைவரை அவருடைய சொந்த ஊர் கைவிட்டபோது கட்சியை நாடாளுமன்றத்தில் உயிரோடு வைத்திருந்த இரண்டில் ஒன்று இந்தத் துறைமுகத் தொகுதி.

எம்.பி. பதவி இல்லாமல் இருந்த அந்தக் காலத்தில்தான் 1953 ஹர்த்தால் வந்தது. டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம் கூப்பன் அரிசியின் விலையை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நின்றது. ரயில் கட்டணம் கூடியது, தபால் கட்டணம் கூடியது. இடதுசாரிக் கட்சிகள் ஆகஸ்ட் 12இல் ஹர்த்தாலுக்கு அழைத்தன. தமிழரசுக் கட்சி அதற்கு ஆதரவு கொடுத்தது. இது இன்று பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இனப் பிரச்சினை பேசும் கட்சி அரிசி விலைக்காகக் கடையடைப்பில் சேருமா? அன்று சேர்ந்தது. தென்பகுதியில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றில் ஏறிக் கூடியது. இரண்டு மாதங்களில் டட்லி பதவி விலகினார். அந்த டட்லியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வருவார்.

1956 ஏப்ரல் தேர்தலில் செல்வநாயகம் காங்கேசன்துறையை மீட்டார். கட்சிக்குப் பத்து ஆசனங்கள். அதில் கல்முனையும் பொத்துவிலும் முஸ்லிம் வேட்பாளர்கள் வென்றவை. தமிழ் பேசும் மக்கள் என்ற சொல்லுக்குள் முஸ்லிம்களையும் அடக்கிய அவருடைய கனவின் உச்சம் அதுதான். அந்த உறுப்பினர்கள் நீண்ட நாள் கூட இருக்கவில்லை. அவர்கள் கட்சி மாறியதைத் துரோகம் என்று எழுதிப் பழகிவிட்டோம். கிழக்கில் வாழும் முஸ்லிமுக்கு வடக்கிலிருந்து வரும் தலைமையில் எவ்வளவு இடம் இருந்தது என்ற கேள்வியைக் கட்சி தன்னிடம் கேட்டிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

ஜூனில் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். ஆகஸ்டில் மக்கள் வடக்கு கிழக்கின் பல பக்கங்களிலிருந்தும் கால்நடையாகத் திருமலைக்குப் புறப்பட்டார்கள். திருமலை யாத்திரை என்று நம் பாட்டன்மார் சொல்வது இதைத்தான். வழியில் ஊர்கள் சோறு போட்டன. ஆகஸ்ட் 18, 19ஆம் திகதிகளில் மாநாடு கூடி நாலு கோரிக்கைகளை வைத்தது. சமஷ்டி யாப்பு, தமிழுக்குச் சம உரிமை, மலையகத் தமிழருக்குப் பிரஜாவுரிமை, தமிழ்ப் பிரதேசங்களில் அரச குடியேற்றத்தை நிறுத்துவது. ஒரு வருட அவகாசம். இல்லாவிட்டால் நேரடி நடவடிக்கை.

அவகாசம் முடியுமுன் திருமலையில் ஓர் உயிர் போனது. 1957 சுதந்திர தினத்தில் கறுப்புக் கொடி கட்ட முயன்ற நடராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். திருமலை நடராஜன் என்றே வரலாறு அவரை அழைக்கிறது.

நேரடி நடவடிக்கைக்கு முன்பே, 1957 ஜூலை 26இல், பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தார்கள். பண்டா–செல்வா ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர், அதை வாசித்தவர்கள் சிலர். பிராந்திய சபைகளுக்குக் கொடுக்கவிருந்த அதிகாரங்களின் பட்டியலைப் பாருங்கள்: விவசாயம், கூட்டுறவு, காணியும் காணி அபிவிருத்தியும், குடியேற்றம், கல்வி, சுகாதாரம், கைத்தொழில், மீன்பிடி, வீடமைப்பு, சமூக சேவை, மின்சாரம், நீர்த் திட்டங்கள், வீதிகள். தேநீர்க் கடையில் நான் கேட்ட முறைப்பாடுகளில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலுக்குள் அடங்கும். குடியேற்றத் திட்டத்தில் காணி பெறுபவரையும், அங்கே வேலைக்கு எடுக்கப்படுபவரையும் தெரிவு செய்யும் அதிகாரம் சபைக்கு. வரி விதிக்கவும் கடன் பெறவும் உரிமை. உறுப்பினர்களை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்வார்கள். வடக்குக்கு ஒரு சபை. கிழக்குக்கு இரண்டோ அதற்கு மேலோ. சபைகள் விரும்பினால் மாகாண எல்லை தாண்டியும் இணையலாம். சமஷ்டி கேட்டுத் திருமலையில் தீர்மானம் எடுத்தவர் இதற்கு உடன்பட்டார். விட்டுக் கொடுத்துவிட்டார் என்று பொன்னம்பலத்தின் ஆட்கள் சாடினார்கள். எனக்கு இதுதான் செல்வநாயகத்தின் மிகத் துணிச்சலான முடிவாகத் தெரிகிறது. தன் ஆதரவாளரிடம் போய், கேட்டதில் பாதிதான் கிடைத்தது, ஆனால் காணியும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் உங்கள் கைக்கு வரும் என்று விளக்குவது ஊர்வலம் போவதைவிடக் கடினம்.

1958 ஏப்ரல் 9இல் பண்டாரநாயக்கவின் வீட்டு வாசலில் பிக்குகள் அமர்ந்தார்கள். ஒப்பந்தம் கைவிடப்பட்டது.

இதே நேரத்தில் திருமலையில் இன்னொன்று நடந்தது. பிரித்தானியக் கடற்படை 1957 ஒக்டோபரில் தளத்தை இலங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனது. தளத்தை நம்பியிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அவர்களில் ஒரு பகுதியினரைப் பொலன்னறுவைப் பக்கம் குடியமர்த்தும் யோசனைக்கு அங்கே கடும் எதிர்ப்புக் கிளம்பியது. 1958 மே மாத வன்செயலுக்கு முன்னான பதற்றத்தில் அதுவும் ஒரு பங்கு. வேலை இழந்தவனுக்கு ஒரு துண்டுக் காணி கொடுக்கும் விடயம் அது. பிராந்திய சபை இருந்திருந்தால் திருமலையிலேயே பேசித் தீர்த்திருக்கக்கூடிய விடயம். வன்செயலுக்குப் பிறகு செல்வநாயகமும் அவருடைய சகாக்களும் தடுத்து வைக்கப்பட்டார்கள், கட்சி தடை செய்யப்பட்டது.

1961 பெப்ரவரியில் யாழ். கச்சேரி வாசலில் தொடங்கிய சத்தியாக்கிரகம் திருமலைக் கச்சேரிக்கும் பரவியது. கச்சேரியைத் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு. பிறப்புப் பதிவு, காணி அனுமதிப் பத்திரம், ஓய்வூதியம் என்று சாதாரண மனிதன் அரசைச் சந்திக்கும் இடம் அது. அந்தச் சந்திப்பு எந்த மொழியில் என்பதுதான் போராட்டம். ஏப்ரல் 14இல் கட்சி சொந்தமாகத் தபால் சேவை தொடங்கி முத்திரை வெளியிட்டது. மூன்று நாளில் அவசரகாலச் சட்டம், இராணுவம், பனாகொடை முகாமில் தடுப்பு. அறுபத்து மூன்று வயது மனிதர். பார்க்கின்சன் நோய் அவரைப் பிடித்ததும், காது மந்தமானதும் இந்தத் தசாப்தத்தில்தான்.

1965இல் டட்லி திரும்பி வந்தார். அரசாங்கம் அமைக்க ஆட்பலம் போதவில்லை. மார்ச் 24இல் டட்லி–செல்வா ஒப்பந்தம். மாவட்ட சபைகள், வடக்கு கிழக்கில் நிர்வாக மொழியாகத் தமிழ், காணிப் பங்கீட்டில் ஒழுங்கு: முதலில் அந்த மாவட்டத்துக் காணியற்றவர், அடுத்து வடக்கு கிழக்கில் வாழும் தமிழ் பேசுவோர், பிறகுதான் ஏனையோர். செனற்றர் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். எந்த மனிதரின் அரிசி விலையை எதிர்த்து 1953இல் ஹர்த்தாலுக்கு ஆதரவு கொடுத்தாரோ அவருடைய அரசாங்கத்துக்குத் தோள் கொடுத்தார். 1966 இறுதியில் அந்த அரசாங்கம் பங்கீட்டு அரிசியை இரண்டு கொத்திலிருந்து ஒன்றாக்கி, அந்த ஒன்றை இலவசமாகக் கொடுத்தபோது தமிழரசுக் கட்சி அரசாங்கப் பக்கத்தில் இருந்தது. 1968இல் மாவிட்டபுரம் ஆலயக் கதவில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைய நின்றபோது, அது அவருடைய சொந்தத் தொகுதி. அவர் போதிய அளவு பேசவில்லை என்று இடதுசாரிகள் வைத்த குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. சமமான பிரதிநிதித்துவம் கேட்கும் கட்சிக்குக் கோயில் வாசலில் கேட்கப்பட்ட சமத்துவம் சங்கடமாக இருந்தது.

மாவட்ட சபை வெள்ளை அறிக்கை 1968இல் எதிர்ப்பைக் கண்டு சுருட்டப்பட்டது. அந்தக் கூட்டாட்சியின் கடைசி முடிச்சும் திருமலையில்தான் அவிழ்ந்தது. கோணேசர் கோயிற் சூழலைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராயத் திருச்செல்வம் குழு அமைத்தார். பிக்கு ஒருவரின் எதிர்ப்பை அடுத்து டட்லி அதை நிறுத்தினார். தன் அமைச்சுக்குள் எடுத்த முடிவையே காப்பாற்ற முடியாத அமைச்சர் பதவி விலகினார். 1969இல் கட்சியும் வெளியேறியது.

1970இல் வந்த அரசாங்கம் புதிய யாப்பு எழுதியது. அரசியல் நிர்ணய சபையில் தமிழரசுக் கட்சி வைத்த திருத்தங்கள் ஏற்கப்படவில்லை, 1971 ஜூனில் வெளியேறினார்கள். யாப்பு பிரகடனமாவதற்கு எட்டு நாட்களுக்கு முன், 1972 மே 14இல், திருகோணமலையில் தமிழர் ஐக்கிய முன்னணி உருவானது. செல்வநாயகம், பொன்னம்பலம், மலையகத்தின் தொண்டமான் ஆகியோரின் கட்சிகள் ஒன்று சேர்ந்தன. 1948இல் மலையகத் தமிழரின் வாக்கைப் பற்றிய கேள்வியில் பிரிந்த இருவர், இருபத்து நாலு வருடம் கழித்து அந்த மக்களின் தலைவரோடு சேர்ந்து திருமலையில் ஒரே அணியானார்கள்.

அதே வருட ஒக்டோபரில் செல்வநாயகம் நாடாளுமன்ற ஆசனத்தைத் துறந்தார். புதிய யாப்பைத் தமிழ் மக்கள் ஏற்கிறார்களா என்பதை என் தொகுதியில் வாக்களிப்பு வைத்துப் பாருங்கள் என்பது அவருடைய சவால். அரசாங்கம் இடைத்தேர்தலை இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தடித்தது. 1975 பெப்ரவரி 6இல் வைத்தபோது 16,000க்கும் மேற்பட்ட பெரும்பான்மையில் வென்றார். எழுபத்தாறு வயது. நடுங்கும் கை, கேட்காத காது. அடுத்த வருடம் மே 14இல், திருமலையில் முன்னணி உருவாகி நாலு வருடம் நிறைந்த நாளில், வட்டுக்கோட்டைத் தீர்மானம். பிராந்திய சபைக்கு உடன்பட்ட அதே மனிதரின் தலைமையில் தனிநாட்டுக் கோரிக்கை. இரண்டுக்கும் இடையில் பத்தொன்பது வருடங்கள்.

1977 ஏப்ரல் 26இல் அவர் காலமானார். மூன்று மாதம் கழித்து நடந்த பொதுத் தேர்தலில் அவருடைய கூட்டணி பதினெட்டு ஆசனங்களை வென்றது, அதில் திருகோணமலையும் ஒன்று. ஆனால் 1976 எல்லை நிர்ணயத்துக்குப் பிறகு மாவட்டத்தின் வரைபடம் மாறியிருந்தது. இரட்டை அங்கத்தவர் தொகுதியாக இருந்த மூதூர் ஒற்றை ஆசனமானது. கந்தளாயையும் அல்லைக் குடியேற்றத்தையும் உள்ளடக்கிச் சேருவில என்றொரு புதிய தொகுதி வந்திருந்தது. அது தன் முதலாவது உறுப்பினரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது அந்தத் தேர்தலில்தான்.